முத்தரசிக்கு எந்த மாமன் மடி

என் தம்பிகள் இருவரும் இரட்டைப் பிள்ளைகள். அவர்களில் யார் மூத்தவன் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவன் என் ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்று, நகல் எடுக்க வந்த காலேஜ் பிள்ளைகள் முன்னால் மானத்தை வாங்கிவிடுவான்.

முதலில் வெளியே வந்தவன் சங்கரபாண்டியன். அவனுக்குப் பின்னால் வந்தவன் சிவபாலன். இதில் என்ன சந்தேகம் என்று கேட்டால், நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை என்று அர்த்தம். வயிற்றுக்குள் முதலில் போய் இடம் பிடித்தவன்தான் உள்ளே தள்ளி இருப்பான், ஆகையால் கடைசியில் வருகிறவன்தான் மூத்தவன் என்று எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் சத்தியமே செய்வார்கள். மீதிப் பாதி, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த நேரத்தைக் காட்டும். இப்படி இரண்டு பேருமே மூத்தவனாக வளர்ந்து, மூத்தவனாகவே கல்யாணமும் முடித்து, பாண்டி தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாகவும் பாலன் உப்பு மொத்த வியாபாரியாகவும் அதே ஊரில் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் குடியிருக்கிறார்கள். எங்கள் கடைசித் தங்கை பானுப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறக்கும்வரை இதனால் பெரிய கேடு ஒன்றும் வரவில்லை.

குழந்தை பெயர் முத்தரசி. அவளுக்குத் திருச்செந்தூரில் வைத்துக் காதுகுத்து. காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், மாமன் இரண்டு பேர் இருந்தால் மூத்த மாமன் மடியில். சொல்ல வேண்டுமா? இரண்டு பேரும் கம்மல் வாங்கிவிட்டார்கள், இரண்டு பேரும் பட்டு வேட்டி எடுத்துவிட்டார்கள். மடி கிடைக்காவிட்டால் விசேஷத்துக்கு மட்டுமல்ல, இனி அந்த வீட்டு வாசலையே மிதிக்க மாட்டேன் என்று இரண்டு பேருமே சபதமும் போட்டுவிட்டார்கள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு, இந்த மூன்று பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுவதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. நான் செல்வராணி. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு பதிலை ஜெராக்ஸ் எடுத்து அடுக்கி வைக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

“காது ரெண்டு இருக்குல்லா, மாமனும் ரெண்டு பேரு. ஆளுக்கு ஒரு காதுக்கு மடி குடுங்கலே,” என்று வெள்ளத்துரை பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். எங்கள் வீட்டுப் பஞ்சாயத்துக்கெல்லாம் அவர்தான் தலைவர்.

“சரி, வலது காது எனக்கு,” என்றான் பாண்டி.

“அதெப்படி? மொதல்ல குத்துதது வலது காதுல்லா. அது மூத்தவனுக்குத்தான்,” என்றான் பாலன். யோசனை அத்தோடு செத்தது.

தீராத வழக்கு என்றால் நாங்கள் சுடலைமாட சாமி கோயிலில் பூப்போட்டுப் பார்ப்போம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டுவிட்டு, பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை என்றால் பாண்டி, சிவப்பு என்றால் பாலன். வெள்ளை வந்தது. பொட்டலம் மடித்தது பாண்டியின் பெண்டாட்டி, அதில் ஏதோ சூது இருக்கிறது என்று பாலன் குதித்தான். அடுத்த தடவை பாலன் பெண்டாட்டி மடித்தாள், சிவப்பு வந்தது, பாண்டி குதித்தான். மூன்றாம் தடவைக்கு இலையை எடுத்தபோது பூசாரி எங்கள் எல்லார் நெற்றியிலும் திருநீற்றை அப்பி, “உங்க மடிச் சண்டைக்கு எஞ்சாமிய இழுக்காதிய,” என்று அனுப்பிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் பானு பிள்ளையோடு பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள்.

அவளுக்கு அங்கே ஆராய்ச்சி உத்தியோகம். குவாண்டம் கம்ப்யூட்டருக்கு அல்காரிதம் எழுதுகிறாள். இன்ன வேலையை இன்ன வரிசையில் செய் என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஆனால் அந்த மெஷின் சொன்ன பேச்சைக் கேட்காதாம், நிறையத் தப்புப் பண்ணுமாம். எவ்வளவு தப்பு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடித்துச் சரிக்கட்டுவதுதான் இவளுக்கு முக்கியமான வேலையாம். இதற்கா டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்? இந்த வீட்டில் நான் சம்பளமில்லாமல் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்! அந்த மெஷினுக்குள் இருப்பதை நகல் எடுக்கவே முடியாது என்று நிரூபித்தே விட்டார்களாம். அப்படியானால் என் பிழைப்பு என்னாவது என்று கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

சண்டை விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு, “அக்கா, இதுக்குப் போயா? பொட்டலமே மடிக்காம நான் பூப்போட்டுத் தாரேன்,” என்றாள்.

கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினாள். அந்தக் கம்ப்யூட்டரில் க்யூபிட் என்று ஒன்று உண்டு. அதைச் சரிபாதியில் நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தால், பூஜ்யம் என்றோ ஒன்று என்றோ ஒரு பதில் வரும். எது வரும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

“மெஷினுக்காவது தெரியுமா?” என்றார் பெரியப்பா.

“அதுக்கும் தெரியாது பெரியப்பா. எழுதின எனக்கும் தெரியாது. சாமிக்கே...”

“ஏளா, சாமி வரைக்கும் போகாத,” என்று நான் அதட்டினேன்.

மெஷின் கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ தேசத்தில் இருக்கிறதாம், இங்கிருந்து நெட் வழியாக வேலை கொடுக்கலாமாம். அதை வைத்திருக்கிற குளிருக்கு முன்னால் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் எல்லாம் வெந்நீராம். அவ்வளவு தூரத்தில் எவன் பெண்டாட்டியும் போய்ப் பொட்டலம் மடிக்க முடியாது என்பதால், இரண்டு பேரும் சரி என்றார்கள். ஆகா, முடிந்தது என்று நான் காப்பி போட எழுந்தேன்.

“அப்போ பாண்டியண்ணன் பூஜ்யம், பாலண்ணன் ஒண்ணு,” என்றாள் பானு.

“யாரு பூஜ்யம்?” என்று பாண்டி எழுந்துவிட்டான். “மூத்த மாமன் நான் சைபரா? ஹார்பர்ல வந்து கேட்டுப்பாரு, நான் சைபரான்னு!”

சரி, பாலன் பூஜ்யம் என்று மாற்றிச் சொன்னாள். அவன் காப்பி டம்ளரை எறிகிற நிலைக்குப் போனான். யார் பூஜ்யம் என்பதிலேயே பொழுது சாய்ந்துவிட்டது. எனக்குப் பொறுமை போயிற்று.

“ஏலே கூறுகெட்ட பயலுவளா! எண்ணும்போது எதுலே மொதல்ல வருது? பூஜ்யந்தானே? அதுக்குப் பொறவுதானே ஒண்ணு? அப்போ பூஜ்யம் யாரு, மூத்தவன்லா!”

அப்புறம் இரண்டு பேரும் ஒரே குரலில், “நாந்தான் பூஜ்யம்!” என்று கத்தினார்கள். பாலன் ஒரு மூச்சு முந்திவிட்டான் என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். பாலன் பூஜ்யம், பாண்டி ஒன்று. தன் புருஷன் பூஜ்யமாகிவிட்டான் என்று பாலன் பெண்டாட்டி தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது.

மெஷின் நேர்மையானதா என்று காட்டுவதற்காக அப்போதே ஒரு ஒத்திகை பார்த்தாள் பானு. ஆயிரம் தடவை போட்டுப் பார்க்கச் சொல்லி வேலையைக் கொடுத்தாள், உடனே பதில் வந்தது. பூஜ்யம் ஐந்நூற்று இருபத்தொன்பது, ஒன்று நானூற்று எழுபத்தொன்று.

“ஐம்பத்தெட்டு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சுட்டேன்!” என்று பாலன் துண்டைச் சுழற்றினான்.

“அண்ணே, இது ஓட்டு இல்ல. ஒரே க்யூபிட்ட ஆயிரம் தடவ...”

யார் கேட்கிறார்கள்? குடும்ப வாட்ஸ்அப்பில் பாலனுக்கு மாலை மாலையாக விழுந்தது. பாண்டி மறு எண்ணிக்கை கேட்டான். மறுபடி போட்டாள், மறுபடியும் பூஜ்யமே முந்தியது. பாண்டிக்கு முகம் செத்துவிட்டது. இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படித்த பிள்ளை ஆயிற்றே, உண்மையைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராதே.

“மெஷின் கொஞ்சம் பூஜ்யத்துப் பக்கம் சாயும் அண்ணே. ஒண்ணா இருக்கது சில நேரம் சோர்ந்துபோயி பூஜ்யமா விழுந்துரும். எல்லா மெஷின்லயும் உள்ள குறைதான்.”

“கேட்டியளா பெரியப்பா!” பாண்டிக்கு உயிர் வந்துவிட்டது. “கள்ள ஓட்டு! எனக்கு விழுந்த ஓட்டு சோந்துபோயி அவனுக்குப் போயிருக்கு!”

பானு தலையில் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம் அந்தச் சாய்வை ஒழிக்க ஒரு வழி சொன்னாள். ஒரு தடவைக்குப் பதிலாக இரண்டு தடவை போட வேண்டும். முதலில் பூஜ்யமும் அடுத்து ஒன்றும் வந்தால் பாலன். முதலில் ஒன்றும் அடுத்து பூஜ்யமும் வந்தால் பாண்டி. இரண்டும் ஒரே மாதிரி வந்தால் அதைத் தள்ளிவிட்டு மறுபடி இரண்டு தடவை. மெஷின் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தாலும் இதில் இரண்டு பேருக்கும் ஒரே வாய்ப்பு. எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள்.

“இப்பமே போட்டுரவா?” என்றாள்.

பெரியப்பா ஒரே அடியாக மறுத்துவிட்டார். “இன்னைக்கு அட்டமி. பூப்போடுதது சாமி சந்நிதியிலதான் போடணும். ஞாயித்துக்கெழம, திருச்செந்தூர்ல, நல்ல நேரத்துலதான் மெஷின்ல போடணும்.”

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். சண்டை தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான், அதுவும் இப்படி ஒரு விஷயமாகப் போய்விட்டது. மறுநாள் பானுவின் தலைமை விஞ்ஞானி பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, நம் கணக்கில் ‘மாமன் மடி ஒத்திகை’ என்று இரண்டு வேலை ஓடியிருக்கிறதே, புது அல்காரிதமா என்று கேட்டாராம். ஆமாம் சார், தெற்கத்தி முறை என்று சமாளித்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, லாட்ஜ் மாடி ஹாலில் கூடினோம். பாண்டி ஒரு ஜமுக்காளத்தில், பாலன் ஒரு ஜமுக்காளத்தில், ஒரே மாதிரி பட்டு வேட்டி, ஒரே மாதிரி தாம்பாளம், ஒரே மாதிரி முறைப்பு. இரண்டு மடியும் காலியாக விரிந்து கிடந்தன. நடுவில் காதுகுத்துகிற ஆசாரி சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு இருந்தார். முத்தரசி என்னிடம் இருந்தாள். பிறந்ததிலிருந்தே, ஊருக்கு வந்தால் அவள் அப்படித்தான். பிரசவம் தூத்துக்குடியில்தான், பானு எழுந்து நடமாடி லாப்டாப்பைத் திறந்ததும் பிள்ளையை என் தோளில் போட்டாள். எங்கள் வீட்டு விசேஷங்களில் எனக்கு உள்ள வேலையும் அதுதான். பையைப் பார்த்துக்கொள், அடுப்பைப் பார்த்துக்கொள், பிள்ளையைப் பார்த்துக்கொள்.

நல்ல நேரம் பிறந்ததும் பெரியப்பா கையை உயர்த்தினார். பானு வேலையை அனுப்பினாள். அனுப்பிவிட்டு முகம் மாறினாள்.

“என்னளா?” என்றேன்.

“வரிசையில நிக்குது அக்கா. மெஷின ரிப்பேர் பாத்துட்டு இப்பத்தான் திறந்திருக்காவ. உலகத்துல உள்ள அத்தன பேரும் ஒண்ணா வேலைய அனுப்பியிருக்காவ. நமக்கு முன்னால நாப்பது பேரு.”

சந்நிதியில் நின்ற வரிசை போதாதென்று இங்கேயும் ஒரு வரிசை. சும்மா இருந்த சொந்தம் எல்லாம் லாப்டாப்பைச் சுற்றி நெருக்கியது. கடல் காற்றுக்கு சிக்னல் வேறு வந்து வந்து போனது. பானுவின் புருஷன் சுடலைக்கண்ணன், பாவம், போனைத் தூக்கிப் பிடித்தபடி நாற்காலி மேல் ஏறி நின்றான். மாப்பிள்ளை இறங்கினால் நெட் போய்விடும் என்று அவனுக்குத் தண்ணீரைக்கூட மேலே தூக்கிக் கொடுத்தார்கள்.

நாற்பது முப்பதானது. முப்பது திடீரென்று முப்பத்தாறானது.

“பொறவால வந்தவன் எப்படிளா முன்னால போனான்?” என்றார் பெரியப்பா.

“சில கம்பெனிக்காரங்க முன்னுரிமை வாங்கியிருப்பாங்க பெரியப்பா.”

“அங்கனயும் ஸ்பெஷல் தரிசனம் உண்டா! அப்போ நாமளும் டிக்கெட் எடுப்போம்ளா. எவ்வளவுன்னு கேளு.”

“ஞாயித்துக்கெழம அதுக்கு ஆளு இருக்க மாட்டாங்க பெரியப்பா!”

ஆசாரி மெதுவாகத் தொண்டையைச் செருமினார். நல்ல நேரம் முடியப் போகிறது, அடுத்த லாட்ஜில் இன்னொரு பிள்ளை காத்திருக்கிறது என்றார். பெரியப்பா வியர்வையைத் துடைத்தார். பாண்டி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான்.

“இது நடக்குத காரியமா தெரியல. எனக்குள்ள உரிமைக்கு நான் எதுக்குக் கண்காணாத மெஷின் முன்னால காத்துக் கெடக்கணும்? நான் போறேன். இனி என்னை யாரும் கூப்பிடாதிய.”

“நீ என்னலே போறது? நான் போறேன்,” என்று பாலனும் எழுந்தான்.

ஒருவன் இந்தக் கதவுக்கும் மற்றவன் அந்தக் கதவுக்கும் நடந்தான். அவர்கள் பெண்டாட்டிமார் தாம்பாளத்தை மூடிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். பானு லாப்டாப்பைப் பார்த்து, “இன்னும் பன்னெண்டுதான் அண்ணே, பன்னெண்டே பேருதான்!” என்று அழுகிற குரலில் கத்தினாள். போகட்டும், எல்லாரும் போகட்டும், ஆளுக்கு ஒரு திசையில் போய்த் தொலையட்டும். இந்தப் பச்சைப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அவளோ சண்டைச் சத்தத்தையும் மீறி, வாயில் விரலைப் போட்டபடி என் மடியில் தூங்கிப் போயிருந்தாள்.

“ஆசாரி,” என்றேன். “இங்கன வாங்க.”

அவர் வந்து உட்கார்ந்து, சுற்றும் முற்றும் பார்த்தார். “யாரு மடியிலம்மா?”

“பிள்ள எங்கன இருக்கா? அங்கனயே குத்துங்க.”

அவர் வலது காதைக் குத்திவிட்டார். முத்தரசி வீறிட்டாள் பாருங்கள், கடல் சத்தம் காணாமல் போனது. நாற்காலியிலிருந்து மாப்பிள்ளை விழுந்தான், நெட் போயிற்று. இரண்டு கதவுக்கும் போன இரண்டு தம்பிகளும் திரும்பி ஓடி வந்தார்கள்.

“ஏளா ராணி, என்ன காரியம் பண்ணிட்ட?” பெரியப்பா நெஞ்சில் கையை வைத்தார். “மாமன் மடியில்லா வேணும்! நீ ஒரு கல்யாணம் காட்சி காணாதவ, உன் மடியில போயி...”

பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தினால் என்ன, மீதி எனக்குத் தெரியாதா? எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். முகத்தைக் குழந்தை தலையில் புதைத்துக்கொண்டேன்.

“பெரியப்பா, போதும்,” என்று பானு லாப்டாப்பை மூடினாள். “தப்பு எங்கன வருதுன்னு தேடுததுதான் எனக்கு வேல. இங்கன மெஷின்ல தப்பு இல்ல. நான் கேட்ட கேள்வியிலதான் தப்பு. ரெண்டு பேரைத்தான் எழுதினேன். அக்காவ நான் கணக்குலயே எடுக்கல.”

முத்தரசி இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். பாலன் எனக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பிள்ளையின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டான். கண்ணெல்லாம் தண்ணீர். பிள்ளைக்கு வலிக்கிறதே என்றுதான் அழுகிறான் என்று நினைத்தேன்.

“யாரு மூத்தவன்னு இத்தன வருசமா நாங்க அடிச்சுக்கிட்டுக் கெடக்கோம்,” என்றான். “மூத்தவ நீ இங்கன உக்காந்திருக்க.”

“அதத்தாம்ல நானும் சொல்ல வந்தேன்,” என்றான் பாண்டி. சொல்ல வந்தானாம்! பொய்யன். ஆனாலும் வந்து மற்றக் காலைப் பிடித்துக்கொண்டான்.

“இடது காது பாக்கி இருக்கு,” என்றார் ஆசாரி. “மாமன்மாரு யாராவது மடி தாறியளா?”

இரண்டு பேரும் குழந்தையின் காலை விடாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊசியைப் பார்க்கிற தைரியம் இரண்டு மூத்த மாமனுக்கும் இல்லை. நான்தான் பிடித்தேன். இடது காதும் முடிந்தது. எந்தக் கம்மலைப் போடுவது என்று சண்டை வருமோ என்று பயந்தேன். நல்லவேளை, ஆசாரி இப்போதைக்குத் தங்கக் கம்பியைத்தான் மாட்டினார்.

பிறகு சந்தனக் கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். “மடி தந்தவங்க வெத்தல பாக்கு வச்சு, பிள்ளைக்கு மொதல்ல திருநீறு பூசி விடுங்க.”

எங்கள் வீட்டில் எத்தனை காதுகுத்து, எத்தனை வளைகாப்பு, எத்தனை கல்யாணம். வெற்றிலையைக் கழுவித் துடைத்து அடுக்குவது எல்லாவற்றிலும் நான்தான். முன்னால் வந்து உன் கையால் எடுத்து வை என்று என்னிடம் யாரும் சொன்னதே கிடையாது. ஆசாரி என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்பது புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குள் வெற்றிலைத் தட்டை என் பக்கம் கொண்டுவர இரண்டு பேரும் பாய்ந்தார்கள். பாண்டி ஒரு விளிம்பைப் பிடித்தான், பாலன் மறு விளிம்பைப் பிடித்தான், “நாந்தாம்ல அக்காவுக்குக் குடுப்பேன்,” என்று இரண்டு பேரும் இழுக்க, பாக்கெல்லாம் தரையில் உருண்டது.

“விடுங்கலே ரெண்டு பேரும்!” என்று கத்தித் தட்டைப் பிடுங்கினேன்.

வெற்றிலை பாக்கை எடுத்து வைத்தேன். திருநீற்றைத் தொட்டு முத்தரசியின் நெற்றியில் பூசினேன், கண்ணீர் என் கண்ணை மறைத்ததில் பாதி அவள் மூக்கில் போய்விட்டது. அவள் ஒரு தும்மல் போட்டுவிட்டு, என் சேலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்கிப் போனாள்.